இளைய ஆசான் டெரோசியோ

ஆசான் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், ஆண்டாலும் அறிவாலும் முதிர்ந்த ஒரு பெரியவரின் தோற்றமே பலர் உள்ளத்தில் எழும். ஆயினும், நல்லாசிரியர்க்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், அவர்பால் அமைய வேண்டிய குணங்களை விரித்துரைத்தாரேயன்றி, அகவை இத்துணை இருத்தல் வேண்டும் என வரையறுத்தாரல்லர். மீசை அரும்பும் பருவத்திலேயே ஆசிரியப் பணியை ஏற்று, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மட்டுமே கற்பித்து, 22 ஆண்டுகளும் 8 திங்களும் மட்டுமே இவ்வுலகில் வாழ்ந்து, வங்க நாட்டின் ஒரு தலைமுறையைத் துயிலெழுப்பிச் சென்றவர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ என்பார்.

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில், 1809-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் டெரோசியோ பிறந்தார். தந்தையார் பிரான்சிசு என்பவர் போர்ச்சுகீசிய வழியில் வந்தவர்; ஜே. ஸ்காட்டு கம்பெனி என்னும் வாணிக நிலையத்தில் கணக்கர். தாயார் ஆங்கிலேயர். அன்னையைச் சிறு பருவத்திலேயே இழந்த டெரோசியோவிற்குத் தங்கை அமீலியாவே உற்ற துணையாயினாள். இவ்வாறு கலப்பு மரபில் தோன்றியோரை அந்நாளில் 'கிழக்கிந்தியர்' என்றழைத்தனர். ஆளும் ஆங்கிலேயர் அவர்களைத் தம்மவராகக் கொள்ளவில்லை. நாட்டு மக்களும் அவர்களை அயலாராகவே கருதினர். இரு கரைக்கும் நடுவே நின்ற அக்குலத்தில் பிறந்தவரே இந்தியாவைத் தம் தாய்நாடு எனப் போற்றி ஆங்கிலத்தில் கவிதை புனைந்தார் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

டெரோசியோ ஆறாம் அகவையில் தருமதலா என்னும் பகுதியில் இருந்த ஒரு பள்ளியிற் சேர்ந்தார். அதனை நடத்தியவர் டேவிடு டிரம்மண்டு என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் கவிஞர், தத்துவ நூல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவர், எவர் கூறினும் ஆராய்ந்தே ஏற்கும் இயல்பினர். அவர் பள்ளியில் ஐரோப்பியர் பிள்ளைகளும், கலப்பு மரபினர் பிள்ளைகளும், வங்காளிப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றனர். அக்காலத்தில் அஃது அரிய காட்சி. படிப்பிலும் நாடகம் நடிப்பதிலும் பந்தாட்டத்திலும் டெரோசியோ முன்னின்றார். ஆசிரியரின் நூல்கள் யாவும் அவருக்கும் உரியவையாயின. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றுவதுபோல் டிரம்மண்டு தம் உள்ளத்து ஒளியை அச்சிறுவனுக்கு வழங்கினார் எனலாம்.

எனினும் பதினான்காம் அகவையோடு அப்பள்ளிப் படிப்பு முடிவுற்றது. 1823-ஆம் ஆண்டில் அவர் தந்தையார் பணியாற்றிய அதே கம்பெனியில் எழுத்தராக அமர்ந்தார். குடும்பத்திற்கு வருவாய் வேண்டும். மைந்தனுக்கு ஒரு நிலையான வேலை வேண்டும். தந்தையின் நிழலிலேயே அது கிடைத்தது. உலகியலறிந்தோர் இதனை நற்பேறு என்றே கூறுவர். ஆயின், ஓமரையும் சேக்சுபியரையும் நெஞ்சில் நிறைத்திருந்த சிறுவனுக்கு வரவு செலவுப் புத்தகங்கள் இனிக்கவில்லை. நாள்தோறும் அதே மேசை, அதே மைக்கூடு, அதே பேரேடு. ஏறத்தாழ ஈராண்டுகள் அதனைத் தாங்கினார். அவர் உடலும் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

பின்னர் அவர் பீகாரில் பாகல்பூரை அடுத்த தாராப்பூருக்குச் சென்றார். அங்கே அவர்தம் மாமன் ஒருவர்க்கு நீலத் தொழிற்சாலை இருந்தது. அவுரிச் செடியை அறுத்துப் பெரிய தொட்டிகளில் ஊறவைப்பர். அந்நீரை வேறு தொட்டிக்கு இறக்கிக் கோல்களால் ஓயாது அடித்துக் கலக்குவர். அடியிற் படியும் நீலத்தைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக அறுத்து உலர்த்துவர். அந்நாளில் ஐரோப்பியச் சந்தைக்குச் சென்ற பெருஞ்சரக்குகளுள் இந்நீலமும் ஒன்று. டெரோசியோ அங்கும் அலுவலுக்கே சென்றாரெனினும், அவர் மனத்தைக் கவர்ந்தது நீலம் அன்று, கங்கையே. ஆற்றின் நடுவே சங்கீரா என்னும் பாறைத்தீவு ஒன்று உண்டு. அதன்மேல் பக்கீர்கள் வாழ்ந்து வந்தனர். அப்பாறையைக் கரையிலிருந்து கண்டு கண்டு அவர் கற்பனை செய்தார். கணவனோடு தீயில் ஏற்றப்படவிருந்த ஓர் இளம் கைம்பெண்ணைப் பற்றிய நெடுங்கவிதை ஒன்று அதிலிருந்து பிறந்தது. 'சங்கீராவின் பக்கீர்' என்னும் அக்காவியம் 1828-இல் நூலாக வெளிவந்தது.

தாராப்பூரிலிருந்து அவர் புனைபெயரில் எழுதியனுப்பிய பாடல்களைக் கல்கத்தாவின் 'இந்தியா கெசட்டு' என்னும் பத்திரிகை வெளியிட்டது. அதன் ஆசிரியரான டாக்டர் ஜான் கிராண்டு இவ்விளைஞரின் திறத்தைக் கண்டு வியந்து ஊக்குவித்தார். 1826-இல் டெரோசியோ கல்கத்தாவிற்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே அவர்க்கு இந்துக் கல்லூரியில் ஆசிரியர் பதவி கிடைத்தது. அப்பொழுது அவர் அகவை 17.

இந்துக் கல்லூரி என்பது 1817-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கல்கத்தாப் பெருமக்கள் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி அளித்தற்பொருட்டு நிறுவியது. பெயரால் கல்லூரியேனும், சிறுவர் முதல் இளைஞர் வரை பயிலும் பள்ளியாகவே அன்று அஃது இருந்தது. டெரோசியோவிற்கு இரண்டாம் மூன்றாம் வகுப்புக்களில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் பணி தரப்பட்டது. அவர்முன் அமர்ந்த மாணாக்கருட் பலர் அவரினும் நான்கைந்து ஆண்டுகளே இளையவர். சிலர் ஏறத்தாழ அவர் அகவையினரே. இத்தகைய வகுப்பில் ஓர் இளைஞர் நுழைந்தால் என்ன நிகழும் என்பதை மாணாக்கர் எளிதில் ஊகித்துக்கொள்வர். ஆயினும் அங்கே நிகழ்ந்தது வேறு.

டெரோசியோ பாடத்தை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. கிரேக்க உரோம வரலாறுகளைக் கற்பிக்குங்கால், அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் கூறி அமையாமல், அவ்வரசன் செய்தது முறையா, அவ்வீரன் உயிர் துறந்தது எதன்பொருட்டு என வினவுவார். மாணாக்கன் ஒருவன் விடை கூறினால், அவ்விடைக்குக் காரணம் கேட்பார். காரணம் கூறினால், அதற்கு மறுப்பாக எதனைச் சொல்லலாம் என்று அவனையே எண்ணச் செய்வார். தத்துவத்தில் ஐயவாதியாகிய ஹியூமின் கருத்துக்களை எடுத்துரைத்தால், அவற்றை மறுத்த ரீடு, ஸ்டூவர்டு என்பாரின் கருத்துக்களையும் உடனே எடுத்துரைப்பார். எக்கட்சி வெல்லும் என்று தாம் கூறார். முடிவு செய்தல் மாணாக்கர் கடன்.

நம் நாட்டில் இம்முறை புதிதன்று. பூருவ பக்கம் சித்தாந்தம் என இரு கூறாக நிறுத்தி வாதிடும் வழக்கம் பண்டைத் தருக்க நூல்களில் நெடுங்காலமாக உள்ளது. ஆயின் அவ்வாதம் முதிர்ந்த புலவரிடையே நிகழ்ந்ததேயன்றிப் பதினான்கு அகவைச் சிறுவரிடையே நிகழ்ந்ததன்று. சிறுவனையும் சிந்திக்க வல்லவனாக மதித்ததே டெரோசியோவின் புதுமை.

மணி அடித்தவுடன் அவர் பணி முடிந்துவிடவில்லை. உண்மையில் அதன் பின்னரே அது தொடங்கிற்று எனலாம். பள்ளி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் மாணாக்கர் அவரைச் சூழ்ந்து நின்றனர். வகுப்பிற் படிக்க நேரமில்லாத நூல்களை அவர் அவர்களோடு அமர்ந்து படித்தார். தம் வகுப்பினர் அல்லாத பிற வகுப்பு மாணாக்கரும் வந்து கூடினர். அவர் இல்லக் கதவு அவர்களுக்கு என்றும் திறந்திருந்தது. பேரேட்டின்முன் சோர்ந்திருந்த அவ்வெழுத்தர், இப்பொழுது காலையிலும் மாலையிலும் ஓய்வின்றி உழைத்தும் சோர்வறியாதவராய் விளங்கினார். தம் மாணாக்கரின் உள்ளங்கள் மலர்வதைக் கண்டு தாம் அடைந்த மகிழ்ச்சியை ஒரு சிறு கவிதையாகவும் அவர் பாடி வைத்தார்.

மாணாக்கர் தாமே கூடி வாதிடுதற்குக் கல்விக் கழகம் ஒன்று 1828-இல் தோன்றியது. டெரோசியோ அதன் தலைவர். மாணிக்கதலா என்னும் இடத்தில் சிறீகிருட்டிண சிங்கர்க்கு உரிய தோட்டத்து மாளிகையில் அது கூடியது. விதி பெரிதா முயற்சி பெரிதா, வாய்மை என்பது யாது, நாட்டுப்பற்றின் இயல்பு என்ன, கடவுள் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் கூறப்படும் காரணங்கள் யாவை என்றெல்லாம் இளைஞர் வாதிட்டனர். உச்சநீதிமன்ற நடுவராகிய எட்வர்டு ரயான் போன்ற பெரியோரும் வந்து அமர்ந்து கேட்டனர். தவறாது வந்தவருள் ஒருவர் டேவிடு ஹேர்.

இவ்விடத்தில் ஹேரைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். அவர் கடிகாரம் செய்யும் தொழிலினர். ஸ்காட்லாந்திலிருந்து 1800-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு வந்து பெரும்பொருள் ஈட்டினார். பின்னர்த் தம் கடையைப் பிறரிடம் ஒப்புவித்துவிட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் வங்கச் சிறுவரின் கல்விக்கே செலவிட்டார். இந்துக் கல்லூரி தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தோருள் அவரும் ஒருவர். நோயுற்ற பிள்ளைகளின் இல்லம் தேடிச் சென்று மருந்தளிப்பார். கடிகாரக் கடையை விட்டு வந்த முதியவரும், கணக்கர் மேசையை விட்டு வந்த இளைஞரும் ஒரே அவையில் அமர்ந்து சிறுவரின் பேச்சைக் கேட்டிருந்தனர்.

வாதங்களின் பயன் வாயளவில் நின்றதா என்னும் வினா எழலாம். கல்லூரி மாணாக்கன் பொய் கூறான் என்னும் பேச்சு அக்காலத்தில் கல்கத்தாவில் வழங்கிற்று. வாய்மையே டெரோசியோ தம் மாணாக்கரிடம் முதலாவதாக எதிர்பார்த்தது. நீதிமன்றத்தில் கங்கை நீரைத் தொட்டுச் சூள் உரைக்குமாறு கேட்டபோது, கங்கையின் தூய்மையில் தமக்கு நம்பிக்கையில்லை எனவே அவ்வாறு செய்வது பொய்யாகும் என இரசிக் கிருட்டிண மல்லிக்கு என்னும் மாணாக்கர் மறுத்துவிட்டார். அவர் கொள்கையை ஏற்பவரும் உளர், ஏலாதவரும் உளர். ஆயின் நீதிமன்றத்தில் நம்பாததை நம்புவதுபோல் நடிக்க அவர் நா எழவில்லை என்பதை எவரும் மறுக்கவியலாது.

இவ்வாறிருக்க, ஊரில் அச்சம் பரவத் தொடங்கிற்று. 1829-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், கைம்பெண்களைத் தீயிலேற்றும் வழக்கத்தை ஆளுநர் தலைவர் பெண்டிங்கு சட்டத்தால் தடை செய்தார். டெரோசியோ அதனை வரவேற்றுப் பாடினார். பழமை விரும்பிகள் அச்சட்டத்தை எதிர்த்துக் கிளர்ந்தனர். அவ்வேளையில் கல்லூரி மாணாக்கர் 1830-இல் 'பார்த்தினன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். கல்லூரி மேலாளர் அதனை முதல் இதழோடு நிறுத்திவிட்டனர். மாணாக்கருட் சிலர் பூணூலைக் களைந்தனர். சிலர் வழிபாட்டு வேளையில் மந்திரத்திற்கு மாறாக ஓமர் காவியத்தின் அடிகளை ஓதினர் என்பர். சிலர் விலக்கப்பட்ட உணவை உண்டு, உண்டதைப் பிறரறியச் சொல்லியும் திரிந்தனர். கேள்வி கேட்டல் வேறு. பெற்றோர் மனம் புண்படுமாறு எள்ளி நகையாடுதல் வேறு. இவ்வேறுபாட்டை அவ்விளைஞர் எல்லாரும் உணர்ந்திருந்தனர் என்று கூறுதற்கில்லை. அணை உடைந்த வெள்ளம் வயலுக்குப் பாயும்போதே வரப்பையும் அரித்துச் செல்லும் அன்றோ?

பழி முழுவதும் ஆசிரியர்மேல் விழுந்தது. பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியினின்றும் நிறுத்தினர். ஆசிரியர்கள் மாணாக்கருடன் சமயத்தைப் பற்றி உரையாடுதல் கூடாது என்று மேலாளர் ஆணையிட்டனர். அதனாலும் ஊராரின் பேச்சு அடங்கவில்லை. 1831-ஆம் ஆண்டு ஏப்பிரல் 23-ஆம் நாள் மேலாளர் குழு கூடிற்று. டெரோசியோவை நீக்க வேண்டுமென இராமகமல சேனர் முயன்றார். இராதாகாந்த தேவரும் அதனை ஆதரித்தார். இவர்களைக் கல்விக்குப் பகைவர் என்று எண்ணுதல் தவறு. சேனர் ஆங்கில வங்காள அகராதி தொகுத்தவர். தேவர் வடமொழிப் பேரகராதி ஒன்றை ஆக்கியவர். கல்லூரியை வளர்த்ததில் இருவர்க்கும் பங்குண்டு. அக்கல்லூரியே பிள்ளைகளின்றி வெறுமையாகிவிடுமோ என்பதே அவர்தம் அச்சம்.

குழுவின்முன் முதலில் வைக்கப்பட்ட வினா, இளைஞர்க்குக் கல்வி புகட்டத் தகுதியற்றவரா டெரோசியோ என்பது. ஹேரும், வடமொழிப் புலமையில் பெயர்பெற்ற வில்சன் என்பாரும் அவர் சிறந்த ஆசிரியர் எனச் சான்று பகர்ந்தனர். பெரும்பாலோர் அவரைத் தகுதியற்றவர் என்று கூறவில்லை. ஆனால் அடுத்த வினா வேறு வகையாக அமைந்தது: ஊரின் மனநிலையை நோக்க, அவரை நீக்குதல் தக்கதா என்பது. இதற்குப் பெரும்பாலோர் ஆம் என்றனர். சிறீகிருட்டிண சிங்கர் வேண்டா என்றார். நாட்டவரின் உணர்ச்சியைப் பற்றிய செய்தியாதலின், வில்சனும் ஹேரும் வாக்களிக்காமல் இருந்துவிட்டனர். தகுதியிற் குறையில்லாதவர் என்று ஒரு கையால் ஏற்று, இருத்தல் தகாது என்று மறுகையால் விலக்கிய தீர்ப்பு அது. குற்றம் சாட்டப்பட்டவரை ஒருவரும் அழைத்துக் கேட்கவில்லை.

வில்சன் அறிவுரைப்படி டெரோசியோ ஏப்பிரல் 25-ஆம் நாள் தாமே பதவி துறப்பதாக எழுதியனுப்பினார். தம்மைக் கேளாமலும், சான்று ஆராயாமலும், குற்றம் சாட்டியவர் எதிரில் நிறுத்தப்படாமலும் இம்முடிவு செய்யப்பட்டதை அம்மடலில் குறிக்க அவர் மறக்கவில்லை. ஊரார் அவர்மேல் சுமத்திய பழிகள் மூன்று: கடவுள் இல்லை என்று கற்பித்தார், பெற்றோரை மதியாதே என்று கூறினார், உடன்பிறந்தார் மணத்தை ஒப்பினார். வில்சன் இவற்றைக் குறித்து வினவவே, மறுநாள் விரிவாக விடை எழுதினார்.

மூன்றாம் பழியை அவர் அருவருப்புடன் மறுத்தார். முதலாவதற்கு, கடவுளை மறுத்துத் தாம் எவர் செவியிலும் ஓதியதில்லை என்றும், ஒரு பொருளின் இரு புறத்தையும் காட்டுதலே ஆசிரியன் கடமை என்றும், அறியாமையில் நிலைத்த உறுதியினும் ஆராய்ந்து கொண்ட கருத்தே மேல் என்றும் விளக்கினார். இரண்டாம் பழிக்கு அவர் அளித்த விடை உருக்கமானது. தக்கிணரஞ்சன் முகர்ஜி என்னும் மாணாக்கர், தந்தை தம்மை நடத்தும் முறை பொறுக்க முடியாததாயிற்று என்றும், வீட்டைவிட்டு வெளியேறப் போவதாகவும் ஒருநாள் அவரிடம் வந்து முறையிட்டார். அவர் கூறியது மெய் என்பதை டெரோசியோ அறிவார். அறிந்தும், தந்தை செய்வதைப் பெரிதும் பொறுத்தல் மைந்தன் கடன் என்று கூறித் தடுத்தார். பெற்றோரிடம் கடுஞ்சொல் கூறிய மற்றொரு மாணாக்கரையும் அவர் கண்டித்துத் திருத்தினார். ஊரார் எந்தக் குற்றத்தைச் சாட்டினரோ அதற்கு நேர்மாறானதையே அவர் செய்துகொண்டிருந்தார்.

விடை தெளிவாக இருந்தது, பதவி திரும்பவில்லை. அதற்குமுன்னரே தந்தையாரும் காலமாகிவிட்டமையால் குடும்பப் பொறுப்பும் அவர்மேல் இருந்தது. தந்தையின் பழைய கம்பெனியிலோ வேறெங்கோ ஓர் எழுத்தர் வேலை தேடிக்கொள்வது அவர்க்கு அரிதாக இருந்திராது. அவர் அவ்வழியை நாடினாரல்லர். 'ஈஸ்டு இந்தியன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கித் தம் குலத்தார்க்கும் நாட்டு மக்கட்கும் பொதுவாய நலங்களைப் பற்றி எழுதினார். மாணாக்கர் அவரைக் காண்பதும் நிற்கவில்லை. கல்லூரி வாயில் அடைபட்டதாயினும் இல்லத்தின் வாயில் அடைபடவில்லை. அவரைப் பின்பற்றி மாணாக்கரும் பத்திரிகைகள் நடத்தத் தொடங்கினர். கிருட்டிணமோகன் பானர்ஜி 'என்கொயரர்' என்பதையும், தக்கிணரஞ்சனும் இரசிக் கிருட்டிணரும் 'ஞானான்வேசணம்' என்பதையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர்.

அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. கிருட்டிணமோகன் வீட்டில் இல்லாத வேளையில் அவர் நண்பர்கள் அங்கே கூடி இறைச்சி உண்டு, எஞ்சிய எலும்புகளை அயலாராகிய அந்தணர் வீட்டில் எறிந்தனர். தெருவே கொதித்தெழுந்தது. தாம் செய்யாத குற்றத்திற்காகக் கிருட்டிணமோகன் தம் இல்லத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆராய்ச்சி வேறு, அடாவடி வேறு என்பதை அவ்விளைஞர் பெருவிலை கொடுத்தே கற்றனர்.

டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் டெரோசியோவை வாந்திபேதி நோய் பற்றியது. அந்நாளில் அந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. பற்றினவர் பலர் ஓரிரு நாளில் மாய்வர். இவர் ஒன்பது நாள் போராடினார். தொற்றுநோய் என்று அஞ்சி எவரும் விலகி நிற்கவில்லை. சிற்றன்னையும் தங்கையும் ஒருபுறம் இருக்க, கிருட்டிணமோகனும் தக்கிணரஞ்சனும் இராமகோபால் கோசும் முதலிய மாணாக்கர் மாறிமாறி இரவும் பகலும் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தனர். சாதி வேறுபாடு காரணமாக ஒரு கலப்பு மரபினர் வீட்டில் நீரும் பருகக்கூடாதவர் என்று ஊரார் கருதிய குடியிற் பிறந்தோர் அவர்கள். 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் டெரோசியோ உயிர் நீத்தார். கல்கத்தாவில் பார்க்குத் தெருவின் தென்புறத்து இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவரால் கல்லூரி கெடும் என்று அஞ்சியவர்கள், அவர் மாணாக்கர் பின்னாளில் என்ன ஆயினர் என்பதைக் கண்ணாரக் கண்டனர். தந்தையைப் பொறுத்துக்கொள் என்று ஆசிரியரால் அறிவுறுத்தப்பட்ட தக்கிணரஞ்சன், 1849-இல் பெத்யூன் என்பார் கல்கத்தாவில் பெண்கள் பள்ளி தொடங்கியபோது அதற்கு நிலம் வழங்கினார். இராமகோபால் கோசு பெருவணிகராகவும், ஆளுவோர் அஞ்சும் நாவலராகவும் விளங்கினார். பியாரிசந்த மித்திரர் பேச்சு வழக்கில் அமைந்த வங்காளப் புதினத்தை எழுதி அம்மொழி உரைநடைக்கு ஒரு புது வழி வகுத்தார். சிவசந்திர தேவர் தம் ஊராகிய கொன்னகரில் பள்ளிகள் நிறுவினார். கிருட்டிணமோகன் கிறித்தவ சமயம் தழுவிப் பன்மொழிப் புலவரானார்.

அம்மாணாக்கருள் இராதாநாத சிக்தார் கணிதத்தில் வல்லவர். டெரோசியோ மறைந்த 1831-ஆம் ஆண்டிலேயே அவர் இந்திய நில அளவைத் துறையிற் கணக்கிடுவோராக அமர்ந்தார். இமயத்தின் சிகரங்களை நூறு கல் தொலைவிற்கு மேலிருந்து கருவிகளால் நோக்கிக் குறித்த கோணங்கள் அவர் மேசைக்கு வந்து சேரும். ஒளி வளைந்து வருதலால் நேரும் பிழையைக் களைந்து, ஒவ்வொரு சிகரத்தின் உயரத்தையும் அவர் கணித்தார். பதினைந்தாம் சிகரம் என எண்ணால் மட்டும் குறிக்கப்பெற்ற ஒன்றே உலகின் மிகவுயர்ந்த மலைமுடி என்பது 1852-ஆம் ஆண்டளவில் அக்கணக்கால் வெளிப்பட்டது. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. ஒருவர் மேசை வேலையை விட்டு வெளியேறினார். அவர் மாணாக்கர் மேசைமுன் அமர்ந்தே எவரெசுட்டின் உயரத்தைக் கண்டார். உள்ளம் விரும்பி ஏற்ற வேலைக்கு மேசை தடையன்று போலும்.

இராமதனு லாகிரியோ ஆசிரியர் தொழிலையே மேற்கொண்டார். பூணூலைக் களைந்தமையால் உறவினராற் புறக்கணிக்கப்பட்டு, சமைப்பதற்கும் நீர் கொணர்வதற்கும் ஆளின்றி வருந்திய காலத்தும் அவர் கற்பிப்பதை விடவில்லை. கிருட்டிணநகர், பருத்துவான், உத்தரபாடா, பாரிசால் என ஊர்தோறும் மாறிச் சென்று அவர் சிறுவரைப் பயிற்றுவித்தார். எங்குச் சென்றாலும், டெரோசியோ தமக்குக் கற்பித்த வண்ணமே மாணாக்கரை வினவினார். அவர்தம் வினாவிற்குச் செவி சாய்த்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே ஒப்புக்கொண்டார். ஆசிரியர் வாழ்ந்த ஆண்டுகளைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வாழ்ந்து, 1898-இல் அவர் காலமானார். தம் முதுமையிலும் அவ்விளைஞரின் பெயரைக் கூற நேர்ந்தபோதெல்லாம், ஆசிரியர் என்றே அவரைக் குறித்தார்.